எளிய காந்தமும் மூளைக் கதிர் சிகிச்சையும்

தாராவியில் எங்கள் சந்து முனையில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி வந்து முப்பது ஆண்டுகளாகத் தையல் யந்திரத்தோடு வாழ்பவர். சென்ற ஆண்டு ஊரிலிருந்த அவருடைய மனைவிக்குத் தீராத தலைவலியும் வாந்தியும் கண்டன. அங்கேயே எம். ஆர். ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் கட்டி என்று தெரிந்தது. உடனே அவரை மும்பைக்கு அழைத்து வந்தார். இங்கே ஒரு மருத்துவமனையில் ஊர்ப் படத்தைப் பார்த்த டாக்டர்கள், "கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டும், அதற்கு முன் வேறோர் எம். ஆர். ஐ. படமும், ஒரு ஸி. டி. படமும் எடுத்தாக வேண்டும்" என்றார்கள். புதுப் படத்துக்கு நாள் கிடைக்கப் பதினெட்டு நாட்கள் ஆயின. அந்தப் பதினெட்டு நாட்களில் அம்மையாரின் வலக்கை தளரத் தொடங்கியது.

அப்போது ஒரு மாலை அண்ணாச்சி என்னைக் கடைக்குள் அழைத்தார். "தம்பி, நீ சயன்ஸ் படிக்கிற பிள்ளை. ஊர்ல எடுத்ததும் இதே தலைதானே? இன்னொரு படம் எதுக்கு? அது சின்ன மெஷினு, காந்தம் பத்தாதுன்னு ஒருத்தர் சொல்லுதாரு. நெசமா?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணாச்சி, சிறிய காந்தம், படம் தெளிவாக இராது" என்று சொல்லிவிட்டு வந்தேன். பௌதிகம் பயிலும் மாணவனுக்கு அந்த விடை போதுமானதாகவே தோன்றியது. பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், நான் சொன்னதில் பாதியே உண்மை என்று விளங்கிற்று. சொல்லாமல் விட்ட மறுபாதியை நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது, எங்கே, எவ்வளவு?

மூளைக்குக் கதிர் சிகிச்சை அளிப்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை அறிந்திருக்க வேண்டும். கட்டி எது, நல்ல மூளை எது? அக்கட்டி தலைக்குள் எங்கே இருக்கிறது? வழியிலுள்ள எலும்பும் தசையும் கதிரை எவ்வளவு விழுங்கும்?

நோயாளியை மேசைமீது படுக்கவைத்து, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையொன்றை முகத்தின்மேல் இழுத்துப் பொருத்துகிறார்கள். அது ஆறியதும் முகத்தின் வடிவிலேயே இறுகிவிடும். பின்னர் ஒவ்வொரு நாளும் அதே முகமூடியை மாட்டினால் தலை அதே நிலையில் நிற்கும். முகமூடியோடு ஸி. டி. படம் எடுக்கப்படுகிறது. ஸி. டி. என்பது எக்ஸ் கதிர்ப் படம். அதன் ஒவ்வொரு புள்ளியும் அவ்விடத்துத் திசு எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கூறும் ஓர் எண். அந்த எண்ணிலிருந்து எலெக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிடலாம். அடர்த்தி தெரிந்தால் கதிரின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். ஆகவே "எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஸி. டி. விடை தருகிறது. "எங்கே?" என்பதிலும் அது நம்பத் தகுந்ததே.

ஆனால் "எது?" என்ற கேள்விக்கு ஸி. டி. தடுமாறுகிறது. மூளையும் மூளைக் கட்டியும் எக்ஸ் கதிருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வல்லது எம். ஆர். ஐ. எனவே எம். ஆர். ஐ. படத்தை ஸி. டி. படத்தின்மீது பொருத்தி, கட்டியின் எல்லையை வரைகிறார்கள். வரைந்த கோட்டைச் சுற்றிப் பாதுகாப்புக்காகச் சிறிது இடம் விட்டு, அதற்குள் கதிரைச் செலுத்துகிறார்கள்.

அந்தச் "சிறிது இடம்" எவ்வளவு பெரிய செய்தி என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 செ. மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் கன அளவு ஏறத்தாழ 14 கன செ. மீ. சுற்றிலும் 2 மி. மீ. இடம் விட்டால் கதிர் பாயும் பகுதி 20 கன செ. மீட்டருக்கு மேலாகிவிடும். 5 மி. மீ. விட்டாலோ 33 கன செ. மீட்டரையும் தாண்டும். கட்டியைவிடப் பெரிய அளவு நல்ல மூளை கதிருக்கு இரையாகிறது! படம் பொய் சொல்லும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மூளை விலை கொடுக்கிறது. பார்வை நரம்புகள் குறுக்கிடும் சந்தியும் மூளைத்தண்டும் ஏறத்தாழ 54 கிரே அளவுக்கு மேல் தாங்கமாட்டா எனக் கருதப்படுகிறது. தீவிரமான மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் அளவோ, ஆறு வாரங்களில் 30 தவணையாக 60 கிரே. அருகருகே உள்ள இரண்டையும் பிரிப்பது படத்தில் வரைந்த அந்தக் கோடுதான்.

ஒரு கோடியில் ஐம்பது

இனி, காந்தம் படமெடுக்கும் விதத்தைப் பார்ப்போம். நம் உடலில் நீர் மிகுதி. நீரில் ஹைட்ரஜன் மிகுதி. ஹைட்ரஜனின் அணுக்கருவாகிய புரோட்டான் ஒரு நுண்ணிய காந்த ஊசியைப் போன்றது. அதை வலிய காந்தத்துக்குள் வைத்தால், காந்தப் புலத்தைச் சுற்றிப் பம்பரம்போல் தலையாட்டிச் சுழல்கிறது. 1 டெஸ்லா புலத்தில் வினாடிக்கு 4 கோடியே 26 லட்சம் முறை, அதாவது 42.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுழலும். பெரிய மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். ஊரிலிருந்தது போன்ற 0.3 டெஸ்லா காந்தத்தில் 13 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. இவை யாவும் வானொலி அலைகளே. அதே அலையை வெளியிலிருந்து செலுத்தினால் புரோட்டான்கள் அதை ஏற்று, பின்னர் மெல்லிய குரலில் திருப்பிச் சொல்லும். காந்தப் புலத்தை ஓரிடத்தில் சற்றுக் கூட்டியும் வேறோரிடத்தில் சற்றுக் குறைத்தும் வைத்தால், இடத்துக்கு இடம் குரலின் சுருதி மாறும். சுருதியைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று 1973-இல் லாட்டர்பர் காட்டினார். எம். ஆர். ஐ. முழுவதும் இந்த ஒரு கருத்தின்மேல் எழுந்த மாளிகை.

அக்குரல் ஏன் மெல்லியது? புலத்தின் திசையில் நிற்கும் புரோட்டான்களும் எதிர்த் திசையில் நிற்பவையும் ஏறக்குறைய சமம். ஒன்றின் குரலை மற்றொன்று அழித்துவிடுகிறது. எஞ்சும் சிறு வித்தியாசமே நமக்குக் கேட்கிறது. ஒரு கோடிப் பேர் வாக்களித்த தேர்தலை எண்ணிக்கொள்ளுங்கள். 1.5 டெஸ்லாவில் வெற்றி வித்தியாசம் சுமார் 50 வாக்கு! 0.3 டெஸ்லாவில் 10 வாக்கு. சக்கரம் வைத்து நோயாளியின் கட்டிலருகே தள்ளிச் செல்லும் 0.064 டெஸ்லா யந்திரத்தில் வித்தியாசம் இரண்டே வாக்கு.

மெலிந்த காந்தத்தின் குறை இப்போது புலனாகும். குரல் சிறியது, இரைச்சலோ அதே அளவுக்குக் குறைவதில்லை. மாட்டுங்கா ரயில் நிலையத்தில் நிற்காத விரைவு வண்டி ஓடும்போது நண்பர் பேசினால் என்ன செய்வோம்? "இன்னொரு தரம் சொல்லு" என்போம். யந்திரமும் அதையே செய்கிறது. ஆனால் தெளிவு இருமடங்காக வேண்டுமானால் நான்கு தரம் கேட்க வேண்டும்; மும்மடங்காக வேண்டுமானால் ஒன்பது தரம். தலைவலியோடு படுத்திருப்பவர் அவ்வளவு நேரம் அசையாமலிருக்க இயலுமா? எனவே குறுக்கு வழியாக வெட்டின் தடிமனைக் கூட்டிவிடுகிறார்கள். மெல்லிய வெட்டுக்குப் பதில் தடித்த வெட்டு; அதில் புரோட்டான்கள் அதிகம், குரலும் அதிகம். ஆனால் அவ்வெட்டின் பருமனுக்குள் இருப்பவை யாவும் ஒன்றாய்க் கலந்துவிடும். அண்ணாச்சி கொண்டுவந்த படத்தின் ஓரத்தில் அச்சாகியிருந்த குறிப்பைப் பிறகு பார்த்தேன்: வெட்டு 6 மி. மீ. அத்தகைய படத்தில் பெரிய கட்டி தெரியும், 3 மி. மீ. புள்ளி மறைந்துபோகலாம்.

நான் அண்ணாச்சிக்குச் சொன்ன பாதி இதுதான்.

தெளிவு வேறு, நேர்மை வேறு

மறுபாதிக்கு வருவோம். சுருதியைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிப்பதாகக் கூறினோம். ஆனால் சுருதியை மாற்றுவது நாம் வைத்த புலம் மட்டுமன்று. 1951-இல் ஸ்டான்போர்டில் அர்னால்டு, தர்மட்டி, பக்கார்டு ஆகிய மூவரும் சாராயத்தின் ஹைட்ரஜன்களை ஆராய்ந்தபோது, ஒரே புலத்தில் மூன்று தனித்தனிச் சுருதிகளைக் கண்டார்கள். மூலக்கூறில் எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் புரோட்டானின் சுருதி சிறிது மாறுகிறது. அம்மூவருள் எஸ். எஸ். தர்மட்டி பின்னர் நம் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, அணுக்கருக் காந்த அதிர்வு ஆராய்ச்சியை இங்கே வளர்த்தவர். கொலாபாக் கடற்கரைக்கு உலாவப் போகும் நம் மாணவர்களில் எத்தனை பேர் இதை அறிவோம்?

அன்று இரசாயனிக்கு வரமாக வாய்த்த அந்நிகழ்ச்சி இன்று படமெடுப்பவருக்குத் தொல்லையாகிறது. கொழுப்பின் புரோட்டான் நீரின் புரோட்டானைவிடப் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு சுருதி தாழ்ந்தது. யந்திரம் சுருதியைத்தான் அறியும். எனவே கொழுப்பை அது இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வரைந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய தொல்லை காற்று. மூக்கின் பின்புறத்திலும் காதினருகிலும் எலும்புக்குள் காற்றறைகள் உண்டு. காற்றும் திசுவும் சந்திக்குமிடத்தில் காந்தப் புலம் வளைகிறது. வளைந்த இடத்தில் படமும் வளைகிறது. மூளையின் அடிப்பகுதியும், முன்னே கூறிய பார்வை நரம்புச் சந்தியும் அவ்விடத்துக்கு அருகில் இருப்பதே சங்கடம்.

இந்த வளைவு புலத்தின் வலிமையோடு சேர்ந்து வளர்கிறது. எடுத்துக்காட்டாக, ஓரிடத்தில் புலம் பத்து லட்சத்தில் மூன்று பங்கு மாறுகிறது என்போம். 1.5 டெஸ்லாவில் அது ஏறத்தாழ 190 ஹெர்ட்ஸ். படத்தின் ஒரு புள்ளி 1 மி. மீ. ஆகவும், அதற்கு ஒதுக்கிய அலை அகலம் 200 ஹெர்ட்ஸ் ஆகவும் இருந்தால், அவ்விடம் ஏறக்குறைய 1 மி. மீ. தள்ளி விழும். 3 டெஸ்லாவில் 2 மி. மீ. 0.3 டெஸ்லாவில் அதே கணக்கில் 0.2 மி. மீ. மட்டுமே! தலையில் உலோகக் கிளிப்போ திருகோ வைத்திருப்பவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.

தையற்காரர் கையில் இரண்டு இஞ்சுடேப் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புதியது, எண்கள் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் நடுவில் ஓரிடத்தில் இழுபட்டிருக்கிறது. மற்றொன்று பழையது, எண்கள் மங்கிவிட்டன, ஆனால் அளவு பிசகவில்லை. எந்தத் துணி என்று அடையாளம் காணப் புதியது உதவும். வெட்டுவதற்கு எதை நம்புவது? கதிர் சிகிச்சை என்பது வெட்டும் வேலை. அதற்குத் தெளிவும் வேண்டும், நேர்மையும் வேண்டும். வலிய காந்தம் தெளிவில் சிறந்தது. மெலிந்த காந்தத்துக்கு நேர்மை எளிதில் வாய்க்கிறது.

"எளிதில் வாய்க்கிறது" என்றேனேயன்றித் தானாகவே வந்துவிடும் என்று கூறவில்லை. மங்கிய குரலைத் தெளிவாக்க அலை அகலத்தைச் சுருக்குவது ஒரு வழி. 200 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸ் என்று சுருக்கினால் இரைச்சல் குறையும்; ஆனால் 0.2 மி. மீ. பிசகு மறுபடி 1 மி. மீ. ஆகிவிடும். ஒரு கையால் பெற்றதை மறு கையால் இழந்தோம். அன்றியும், எளிய காந்தங்கள் பல நிலைக் காந்தங்கள். அவற்றின் புலம் முழுச் சீராக அமைவது அரிது. நியோடிமியக் காந்தத்தின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அதன் வலிமை ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கே கணக்குப் பார்க்கும் நமக்கு இது ஆயிரம் பங்கு! எனவே காந்தத்தை இரவும் பகலும் ஒரே வெப்பத்தில் காக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் இது சிறு காரியமன்று. மேலும், இடங்காட்டுவதற்காகப் புலத்தைக் கூட்டிக் குறைக்கும் சுருள்கள் ஓரங்களில் பிசகுவது எல்லாக் காந்தங்களுக்கும் பொதுவான குற்றம். மெலிந்த காந்தமும் அதற்கு விலக்கன்று.

உலகம் கண்ட வழி

மெலிந்த காந்தத்தை வறியவனின் காந்தம் என்று எண்ண வேண்டா. 2014-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில், எம். ஆர். ஐ.யையும் கதிர் சிகிச்சையையும் ஒன்றாக இணைத்த யந்திரத்தில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். செல்வம் மிக்க அந்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுத்த காந்தம் 0.35 டெஸ்லாவே! கதிர் கொடுத்தவை மூன்று கோபால்ட் 60 மூலங்கள். நேர்மையான படமும், கதிரோடு சண்டையிடாத காந்தமும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. 2020-இல், கட்டிலருகே தள்ளிச் செல்லும் 0.064 டெஸ்லா யந்திரத்துக்கு அந்நாட்டு அரசு அனுமதி அளித்தது. அதற்குத் தனியறை வேண்டா. வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியே போதும். வழக்கமான பெரிய காந்தமோ திரவ ஹீலியத்தில், சுழிக்குக் கீழ் 269 பாகைக் குளிரில் வாழ்வது. ஹீலியமோ நம் நாடு வெளியிலிருந்து வாங்கும் பொருள்.

இத்தகைய சிந்தனை நம் ஊருக்குப் புதிதன்று. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார், இந்தியச் சூழ்நிலைக்கேற்ற கோபால்ட் சிகிச்சை யந்திரம் ஒன்றைச் செய்து, "பாபாட்ரான்" என்று பெயரிட்டனர். 2005-இல் நவி மும்பையின் கார்கரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் முதல் யந்திரம் நிறுவப்பட்டது. பின்னர் அது பல ஊர்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றது. உலகிலேயே நுட்பமான யந்திரம் என்று அதை யாரும் கூறவில்லை. சிறிய ஊரில் நின்று நிலைத்து வேலை செய்யும் யந்திரம் என்றே கூறினர். சிகிச்சை யந்திரத்துக்குப் பொருந்திய நியாயம் படமெடுக்கும் யந்திரத்துக்கும் பொருந்துமல்லவா?

எது போதும், எது போதாது?

மூளையில் பல இடங்களில் நோய் பரவியபின் முழு மூளைக்கும் கதிர் கொடுப்பதாயின், எல்லையை மண்டையோடே காட்டிவிடும். அங்கே எம். ஆர். ஐ.யின் வேலை நோய் உண்டா என்று சொல்வதே. அதற்குப் பெரும்பாலும் எளிய காந்தம் துணைபுரியலாம். கட்டி பெரிதாயிருந்து, டாக்டர் அதைச் சுற்றி ஒன்றரை அல்லது இரண்டு செ. மீ. விட்டே வரையப்போகிறார் என்றால், மெல்லிய வெட்டுகளாக எடுத்துச் சோதித்த எளிய காந்தப் படம் ஸி. டி.யோடு சேர்ந்து பயன்தர இடமுண்டு. ஆனால் 3 மி. மீ., 5 மி. மீ. அளவுள்ள புள்ளிகளை ஒரே நாளில் 20 கிரே போன்ற பெரிய அளவால் சுட்டெரிக்கும் நுட்பச் சிகிச்சைக்கு மங்கலான படம் உதவாது. காணாத புள்ளிக்குக் கதிர் கொடுப்பது எங்ஙனம்? அங்கே வலிய காந்தமும், ஊசிவழி ஏற்றும் காடோலினிய மருந்தும், 1 மி. மீ. வெட்டும் வேண்டும். எந்தக் காந்தமாயினும் எலெக்ட்ரான் அடர்த்தியை அது நேராகக் கூறாது. ஆகவே ஸி. டி.க்கு வேலை எப்போதும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை ஒன்று உண்டு. வலியதோ மெலிந்ததோ, யந்திரத்தின் சொல்லை அப்படியே ஏற்கக் கூடாது. துல்லியமாக அளந்து துளைகளோ உருண்டைகளோ பதித்த ஒரு பொம்மைத் தலையைச் செய்து, அதைப் படமெடுத்து, ஸி. டி. படத்தோடு ஒப்பிட்டு, எந்த மூலையில் எத்தனை மில்லிமீட்டர் பிசகு என்று குறித்துவைக்க வேண்டும். அதையும் ஒரு நாளோடு விடாமல் குறித்த காலந்தோறும் செய்ய வேண்டும். பிசகு இருப்பது பெருங்குற்றமன்று. பிசகு எவ்வளவு என்று தெரியாமலிருப்பதே குற்றம்.

மீண்டும் அண்ணாச்சியின் கடையில்

சில நாட்களுக்கு முன் அண்ணாச்சியிடம் போய், "அன்றைக்கு நான் சொன்னது அரைகுறை, அண்ணாச்சி" என்று ஒப்புக்கொண்டு, இவற்றையெல்லாம் சொன்னேன். ஊர்ப் படம் ஒதுக்கப்பட்டதற்குக் காந்தம் மெலிந்தது என்பது மட்டும் காரணமன்று. வெட்டு தடித்தது. படம் சிகிச்சைக்குப் பல வாரங்கள் முந்தியது, கட்டியோ காத்திருப்பதில்லை. கணிப்பொறிக்கு வேண்டிய கோப்பு வரவில்லை. பிலிம் மட்டுமே கைக்கு வந்தது. அந்த யந்திரத்தின் பிசகை எவரும் அளந்து எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. இவற்றுள் காந்தத்தை மாற்றினால்தான் தீரும் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. வெட்டை மெலிதாக்கக் கூடுதல் நேரம் வேண்டும். மற்றவற்றுக்கு அளந்து பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

அண்ணாச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். "அப்போ மெஷினு இல்லாம போகல, ஆளுதான் இல்லாம போச்சு. அப்படித்தானே தம்பி?" என்றார்.

அவர் மனைவிக்குச் சிகிச்சை ஆறு வாரத்தில் நிறைவேறியது. இப்போது ஊரில் இருக்கிறார். வலக்கை முழுவதும் திரும்பவில்லை.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காக வகுத்தார். இக்காலத்தில் அந்நான்காம் இடத்தில் அளப்பவனையும் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நண்பர்களே, பௌதிகம் படித்தவனுக்கு ஆசிரியர் வேலையும் அலுவலக வேலையும்தான் கதியென்று நம்மில் பலர் நினைக்கிறோம். பௌதிகப் பட்டம் பெற்றவர்களை மருத்துவமனைப் பௌதிக அறிஞர்களாக்கும் ஓராண்டுப் படிப்பை டிராம்பே நிலையம் 1962 முதல் நடத்திவருகிறது. அதன் வாயில் செம்பூரிலிருந்து பஸ் ஏறும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், எளிய காந்தமொன்றின் அருகே, கையில் பொம்மைத் தலையோடு நம்மில் ஒருவர் நின்றிருந்தால், யாரோ ஓர் அண்ணாச்சியின் மனைவிக்குப் பதினெட்டு நாட்கள் மிச்சமாகும்.